ஹாரன் அடிக்காத இடங்கள்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு காரும் உண்டு. ஸ்கூட்டர் அவருடையது, கார் என்னுடையது. கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். காரைக் காட்டினால் நம்பிவிடுவார்கள். இவ்வளவு பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்க ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும், அது இவளிடம் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தாலே தெரியுமாம். இதைச் சொன்னது என் கணவர் சீனிவாசன்தான். வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனுஷர், அதில் ஒன்றை இதற்குச் செலவு செய்தார்.

வண்டி தொண்ணூற்றைந்தாம் வருடத்து பத்மினி. பால்கோவா நிறம். சாமராஜநகரில் ஒரு மஞ்சள் வியாபாரியின் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நாலு வருடம் நின்றிருந்ததை, போன தை மாதம் நானே போய்ப் பேசி, மினி லாரியில் ஏற்றி மைசூருக்குக் கொண்டுவந்தேன். நான் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் செய்த தப்பை அளந்து பார்த்து எழுதுவது வேலை. ஏழாம் நாள் பத்மினிக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

பழைய வண்டியில் எனக்குப் பிடித்தது ஓட்டுவதுகூட இல்லை. நமக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் அதில் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். இந்த வண்டியின் பின் கதவுக் கைப்பிடியில் கட்டில் போல்ட் மாட்டியிருந்தது. ஜன்னல் ரப்பருக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வெயில் மறைப்பானில் யாரோ பூப்போட்ட துணியில் ஒரு சின்னப் பை தைத்து வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு ஏலக்காய் கிடந்தது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த ஆர்வத்தில் ஒரு பெரிய முட்டாள்தனமும் செய்தேன். வந்த முதல் வாரமே ரேடியேட்டரைத் திறந்து கழுவினேன். சேறு மாதிரி மஞ்சள் தண்ணீர் கொட்டியது. சாம்பார் வாசனை. துரு என்று நினைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று தடவை அலசினேன். மறுநாள் காலையில் வண்டிக்குக் கீழே குளம். மஞ்சள் வியாபாரிக்குப் போன் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ரேடியேட்டரில் பொடி ஓட்டைகள் இருந்ததாம், கால் கிலோ மஞ்சள் தூளைப் போட்டு அடைத்திருந்தாராம், ஆறு வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். நான் அதைத்தான் கர்மசிரத்தையாகக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். ஏன் வைத்தார்கள் என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. வண்டிக்கென்று போட்ட நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதி வைத்தேன்.

ஹாரன் தொல்லை மார்ச்சில் தொடங்கியது. அக்ரஹாரம் சர்க்கிளில் முன்னால் ஒருவர் வழியை மறித்தார், அழுத்தினேன், சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஊமை. வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுத்திப் பார்த்தால் தெருவே அதிர்ந்தது. ஒரு வாரம் ஒழுங்காக அடித்தது. பிறகு ஒரு நாள் திடீரென்று ஊமை. மறுநாள் மறுபடி ஒழுங்கு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். குறை இருந்தால் பொறுத்துக்கொள்வேன். வந்து வந்து ஒளிந்துகொள்கிற குறையைப் பொறுக்க மாட்டேன். ஃபியூஸை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். ஹாரனையே மாற்றினேன், இரண்டு தடவை. ஸ்டீயரிங்கைக் கழற்றி உள்ளே இருந்த பித்தளை வளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மீட்டரை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். நான் தேடும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக அடித்தது.

கம்பெனியில் இப்படி ஒரு குறை வந்தால் நாங்கள் அட்டவணை போடுவோம். அதே மாதிரி நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, இடம், வெயிலா மழையா, வேகம், கியர், எதற்காக ஹாரன் அழுத்தினேன் என்று ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டம் எங்கள் கம்பெனிப் பழக்கம். மிஷின் நின்றால், அப்போது ஆபரேட்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதியே ஆக வேண்டும்.

"ஏனுங்க, ஈரத்துல நிக்குதுன்னு பாத்தா வெயில்லயும் நிக்குது. குழியில விழுந்தா நிக்குதுன்னு பாத்தா சிக்னல்ல சும்மா நிக்கறப்பவும் நிக்குது. என்னவா இருக்கும்?" என்று ஒரு நாள் இவரைக் கேட்டேன்.

"பழைய வண்டி இல்லையா லீலா. சும்னே தலையைக் கெடுத்துக்காதே," என்றார். சும்மா என்பதற்குச் சும்னே, அது இவருக்கு நாக்கிலேயே ஒட்டிக்கொண்ட கன்னடம். மைசூரிலேயே பிறந்து, இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறார். நான் கொள்ளேகால். இவர் பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து நான் பேசுவேன்.

ஆகஸ்ட் வந்தது. வண்டியின் ஆர்.சி. அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. பழைய வண்டி என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பார்த்து, விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் சரி என்று சொன்னால்தான் இன்னும் ஐந்து வருடம் ஓடும். அதோடு எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மல்லப்பன் வண்டி வந்த அன்றே சொல்லிவிட்டார்: ஓடுகிற வண்டி என்றால் ஷெட்டில் நிற்கட்டும், ஓடாத வண்டி என்றால் மறுநாளே பழைய இரும்புக் கடைக்காரரைத் தானே கூப்பிடுவார். சொன்னதைச் செய்கிற ஆள். பத்மினியை நான் காப்பாற்ற முடியுமா முடியாதா என்பது அந்த இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது.

ஆறாம் தேதி போனோம். வழியெல்லாம் எனக்குப் படபடப்பு. முன்னால் போன லாரியை, குறுக்கே வந்த ஸ்கூட்டரை, எல்லாரையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டே ஓட்டினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஷூரன்ஸ் தாளுக்கு இன்னொரு நகல் கேட்டார்கள். இவர் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். விளக்கு எரிந்தது. பிரேக் பிடித்தது. "ஹாரன் ஹொடீரி," என்றார். அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அழுத்தச் சொல்லிப் பொறுமையாகக் காத்திருந்தார். நான் ஆறு தடவை அழுத்தினேன். "சரி பண்ணிட்டு இருபத்தேழாம் தேதி வாங்க," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

இவர் ஜெராக்ஸ் தாள்களோடு ஓடி வந்தார். நான் சொன்னதும் இவர் முகம் செத்துப்போனது. என்னைவிட இவருக்கு அதிக வருத்தம் போலிருக்கிறதே என்று அந்தக் கோபத்திலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டைத் தாண்டியதும் ஆத்திரத்தில் ஹாரன் பட்டனை ஓங்கிக் குத்தினேன். பாங் என்று அடித்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் துள்ளினார்கள். நான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டையே கழற்றினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்கிலிருந்து வரும் மெல்லிய ஹாரன் கம்பியை நடுவில் வெட்டி, யாரோ இரண்டு புதிய கம்பிகளை ஒட்டியிருந்தார்கள். ஒட்டின இடத்தில் டேப் சுற்றி, அதன் மேல் நூல் கட்டி, அழகான வேலை. கம்பிகள் இடது பக்கம் போயின. டிரைவர் பக்கத்து சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற தட்டு ஒன்று உண்டு. அதன் அடிப்பக்கம், எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில், மேஜை விளக்குக்குப் போடுகிற சின்ன கறுப்பு ஸ்விட்ச் ஒன்று திருகப்பட்டிருந்தது. அணைத்தேன், ஹாரன் ஊமை. போட்டேன், அலறியது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் புதிர் தீரவில்லை, இரண்டானது. ஸ்விட்ச் குழியில் குலுங்கித் தானாக அணைகிற ரகம் இல்லை; விரலால் தள்ளினால்தான் நகரும். உள்ளே லூஸாக இருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன். நாலு வருடம் கிடங்கில் கிடந்த வண்டியின் ஸ்விட்ச் என்றால் பச்சை பிடித்திருக்க வேண்டும். இதன் உள்பக்கம் பூஜைக்குத் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. சரி, அப்படியானால் இதை ஏன் வைத்தார்கள்? அதுவும் ஓட்டுகிறவருக்கு எட்டாத இடத்தில்?

உள்ளே ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"கட் பண்ணி நேரா இணைச்சிடேன். வேலை முடிஞ்சது," என்றார்.

"அது எப்படிங்க? எதுக்கு வெச்சாங்கன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

வண்டி விஷயத்தில் இவர் யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. எனக்கு மண்டைக்குள் ஸ்விட்ச் மட்டும்தான் இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் முதல் சொந்தக்காரர் பெயர் கேசவமூர்த்தி, விலாசம் அக்ரஹாரம். இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை, கம்பெனி அரை நாள். நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீடு இன்னும் அங்கேயே இருந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் வைதேஹி. வாசலில் நின்ற பத்மினியைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு நேரே அதனிடம் போய் பானட்டில் கையை வைத்தார்.

"எங்காத்து வண்டின்னா இது! இன்னும் ஓடறதா?"

உள்ளேயிருந்து கேசவமூர்த்தி வந்தார். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார வைத்து, வண்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் ஹாரன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், தொடையில் தட்டினார்.

"இன்னும் அப்படியேதான் பண்றதா? ஏம்மா, முப்பத்தோரு வருஷம் ரயில் பெட்டிக்கு வயரிங் பாத்தவன் நான். இந்த ஹாரன்கிட்டத்தான் தோத்துப் போனேன். ஏழு ஹாரன் மாத்தியாச்சு. நான் தேடறச்சே அடிக்கும். வேணுங்கறச்சே அடிக்காது. ஈரம்னேன். வெயில்னேன். கடைசியில, இதுக்கு உயிர் இருக்குன்னு விட்டுட்டேன்."

வைதேஹி அம்மாள் காபி டம்ளரை என் கையில் வைத்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "காபி ஆறிடப்போறது, குடியுங்கோ," என்றார்.

கேசவமூர்த்தி பழைய வண்டிப் படங்களை எடுத்துவர உள் அறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்தார்.

"தட்டுக்கு அடியில கை விட்டுப் பாத்தேளா?"

நான் தலையாட்டினேன்.

"நான்தான் வெச்சேன். மிக்ஸி ரிப்பேருக்கு ஒருத்தர் வருவார், அவர்கிட்ட சொல்லி. இவர் ஊருக்குப் போயிருந்தச்சே." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆட்டுக்குட்டிக்கும் அடிப்பார். கோயில் மாட்டுக்கும் அடிப்பார். கோலம் போடற பொண்ணுக்கும் அடிப்பார். பக்கத்துல உக்காந்திண்டு நான் தெருவுல இருக்கறவாளை எல்லாம் பாத்து மன்னிப்புக் கேக்கற மாதிரி சிரிச்சிண்டே வரணும். கன்னம் வலிக்கும்."

"சொல்லிப் பாக்கலைங்களா மாமி?"

"எனக்கு ஓட்டத் தெரியும்பார். அதுக்கு மேல என்ன பேசறது? மேல்கோட்டை மலை ஏறறச்சே வளைவுல ஹாரன் வேணும், அங்க போட்டுடுவேன். கீழ இறங்கினதும் அணைச்சுடுவேன். பத்தொம்போது வருஷம் இந்த வண்டியை நாங்க ரெண்டு பேருமாத்தான் ஓட்டினோம். அவருக்குத்தான் அது தெரியாது." வெளியே வண்டியைப் பார்த்தார். "சொல்லிடாதேங்கோ."

"அந்தத் துணிப் பையில ஏலக்காய்?"

"அதுவும் நான்தான். மலை ஏறறச்சே எனக்குக் கொமட்டும்."

வழியனுப்ப இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கேசவமூர்த்தி ஜன்னல் பக்கம் குனிந்து, "கண்டுபிடிச்சா எனக்கு ஒரு போன் போடும்மா. தெரிஞ்சுண்டே போயிடறேன்," என்றார். நான் வைதேஹி அம்மாளைப் பார்க்காமல் சரி என்றேன்.

தெரு முனைவரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஏழு ஹாரன்! ரயில்வே ஃபோர்மேன்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனையில் ஒரு ஸ்கூட்டர் சட்டென்று திரும்பியது. கை தானாகப் போய் அழுத்தியது. பாங் என்று அடித்தது.

சிரிப்பு நின்றுபோனது.

தனியாகப் போனால் அடிக்கிறது. ஷெட்டில் தனியாகத் தேடினால் அடிக்கிறது. ஸ்விட்ச் இடது சீட்டுக்கு எதிரே இருக்கிறது. ஸ்விட்சின் உள்பக்கம் பளபளவென்று இருக்கிறது. என் அட்டவணையில் ஆறு கட்டம் போட்டேன். வெயில் போட்டேன், மழை போட்டேன், கியர் போட்டேன். வண்டியில் கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. எந்த மிஷினுக்கும் பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்க மாட்டான் என்பதால் கம்பெனி அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

வண்டியை ஓரம் கட்டி நோட்டைப் பிரித்தேன். பதினாலு தடவை. தேதியையும் இடத்தையும் வைத்து நினைவுபடுத்தினால், பதினாலு தடவையும் இவர் கூட வந்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆறு மாதம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறார். நான் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "சும்னே தலையைக் கெடுத்துக்காதே" என்று டீ கொண்டுவந்து கொடுத்த கல்லுளிமங்கன். அவர் செய்த வேலையால் பத்மினி பழைய இரும்புக்குப் போகப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் பேசினால் அக்கம்பக்கம் கூடிவிடும் என்று பயந்து பேசாமலே இருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இவர் இரண்டு தடவை கேட்டார். அது மேலும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இவரிடம் ஆதாரத்தோடு சண்டை போடலாம் என்று நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் ஐந்து கட்டங்களில் ஒன்றுமில்லை. ஆறாவது கட்டத்தை அன்றுதான் சேர்த்து வாசித்தேன். என் கையெழுத்துதான்.

கிழவர், மெதுவாகக் கடக்கிறார். பூக்கூடைக்காரம்மா, நடு ரோட்டில் நிற்கிறாள். பள்ளிப் பிள்ளைகள், கைகோத்துக்கொண்டு வழிவிடாமல். ஆஸ்பத்திரி வாசல், ஆட்டோவிலிருந்து யாரையோ இறக்குகிறார்கள். பச்சை விழுந்தும் முன் வண்டி நகரவில்லை. நஞ்சன்கூடு ரோடு, சவ ஊர்வலம், நகரவே இல்லை.

அந்த வரியில் நின்றுவிட்டேன். பிணத்துக்குப் பின்னால் போய் ஹாரன் அழுத்தியிருக்கிறேன். அது அடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து கோபமாக எழுதியும் வைத்திருக்கிறேன். அன்று அது அடித்திருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ரோட்டில் போவேன்?

எங்கள் அப்பா கொள்ளேகாலில் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பார். அடித்தால் அம்மா ரேடியோவை அணைக்க வேண்டும், நாங்கள் படுத்திருந்தால் எழுந்து உட்கார வேண்டும், நாய்கூட வாசலை விட்டுப் போய்விடும். அந்தச் சத்தத்தைப் பற்றி இவரிடம் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அதைவிட வெட்கமாக இருந்தது. குறை ஹாரனில் இல்லை.

நோட்டை மூடிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். ஒரு மணி நேர வேலை இருந்தது, செய்தேன்.

இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். இவர் எல்லாத் தாளிலும் மூன்று நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். "இன்னிக்கு நான் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன்," என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வழியில் ஒரு தடவைகூட ஹாரன் அழுத்தவில்லை. ஒரு பஸ் எங்களை ஒடித்துக்கொண்டு முன்னால் புகுந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். இவர் அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார். கை இரண்டும் மடியில் கோப்பின் மேல்.

அதே இன்ஸ்பெக்டர். விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், பிரேக். பிறகு முன்னால் வந்து நின்று, "ஹாரன்," என்றார்.

அழுத்தினேன். ஊமை.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இவர் உடம்பு விறைத்ததை நான் திரும்பாமலே உணர்ந்தேன். கோப்பு காலடியில் விழுந்தது. அதை எடுக்கிற மாதிரி குனிந்து, இடது கையைத் தட்டுக்கு அடியில் விட்டார். கை அங்கேயே துழாவியது. இரண்டு திருகாணி ஓட்டை மட்டும்தான் அங்கே இருந்தது. இவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

நான் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னேன். "ரெண்டு இஞ்சு முன்னாலீங்க. எட்டலைன்னு கஷ்டப்படுவீங்கன்னு நகர்த்தி வெச்சேன். ஸ்விட்சும் புதுசு."

கிளிக் என்று கேட்டது. அழுத்தினேன். பாங் என்று அடித்த அடியில் இன்ஸ்பெக்டரே ஒரு அடி பின்னால் போனார். "சாக்கு, சாக்கு," என்று கன்னடத்தில் போதும் போதும் என்று கையை ஆட்டி, தாளில் கையெழுத்துப் போட்டார். பத்மினிக்கு இன்னும் ஐந்து வருடம்.

கேட்டைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டோம். பிறகு இவர்தான் ஆரம்பித்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலு நாளா."

"கோவமா?"

"மூணு நாள் இருந்துச்சுங்க."

மடியிலிருந்த கோப்பைச் சரி செய்தார். "மார்ச்ல போன் கீழ விழுந்தது. தேடறப்போ கையில பட்டுது. என்னன்னு தள்ளிப் பாத்தேன். அதே நேரம் நீ ஹாரன் அடிச்சே, வரலை. தற்செயலோன்னு இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன்." அப்போதுகூடக் கணக்கு ஆசிரியர்தான். "அன்னிக்கு இங்க வர்றப்போ அணைச்சிட்டு, திரும்பப் போட மறந்துட்டேன் லீலா. ஜெராக்ஸ் கடையில நின்னப்போதான் ஞாபகம் வந்தது. ஓடி வந்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"ஸ்விட்சைத் தேடற நேரத்துல என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல. ஹாரன் அடிக்காதேன்னு."

"சொன்னேனே. மூணு தடவை சொன்னேன்." இவர் குரல் உயரவே இல்லை. "ஹாரன் சத்தத்துல உனக்குக் கேக்கலை."

 கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தேன்.

அக்ரஹாரம் சர்க்கிளில் சிவப்பு விழுந்தது. நின்றோம். பச்சை விழுந்தது. முன்னால் ஒரு ஆட்டோ. டிரைவர் தலையை வெளியே நீட்டி, நடைபாதையில் நின்ற ஒருவரிடம் ஏதோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். வலது, பிறகு இடது, பிறகு கோயில் என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினார். பின்னால் வண்டிகள் கத்த ஆரம்பித்தன. என் கை ஸ்டீயரிங் நடுவுக்குப் போனது. பாதியில் அதைப் பார்த்தேன், நிறுத்தவில்லை. நாற்பத்துமூன்று வருடக் கை, நாலு நாளில் திருந்தாது.

இடது பக்கம் கிளிக் என்று கேட்டது.

அழுத்தினேன். சத்தம் வரவில்லை. வழி கேட்டவர் புரிந்துகொண்டு கும்பிட்டார், ஆட்டோ நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். ஏழாவதாக ஒரு கட்டம் போட்டு, கூட இருந்தவர் என்று தலைப்பு எழுதினேன். பதினைந்தாவது வரியில் தேதி, இடம், வெயில், வேகம், கியர், எதற்காக அழுத்தினேன், கூட யார் என்று எல்லாவற்றையும் நிரப்பினேன். கீழே, ஹாரன் அடிக்கவில்லை, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.